பாட்டு யாருக்குச் சொந்தம்?

இந்தியாவின் எந்தக் கிராமத்திலும் இப்படி ஓர் அம்மா இருப்பார். நடவுக்குப் போவார். களை எடுக்கப் போவார். போகிற இடமெல்லாம் பாடுவார். பழைய பாட்டையும் பாடுவார். தானே கட்டிய புதுப் பாட்டையும் பாடுவார்.

அப்படி ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு மகள். மகளிடம் ஒரு செல்போன். ஒரு நாள் வயல் வரப்பில் அம்மா பாடினார். நாற்றைப் பற்றிய பாட்டு. அம்மாவே கட்டிய பாட்டு. மகள் அதை வீடியோ எடுத்தாள். யூடியூபில் போட்டாள். ஊர் பார்த்தது. பக்கத்து ஊர் பார்த்தது. முகம் தெரியாத பலரும் பார்த்தார்கள்.

இரண்டு மாதம் போனது. மகள் செல்போனில் ஒரு ஜவுளிக் கடை விளம்பரத்தைப் பார்த்தாள். திடுக்கிட்டாள். அதில் ஓடியது அம்மாவின் பாட்டு. குரலும் அம்மாவின் குரல்தான். ஆனால் அம்மாவின் முகம் இல்லை. பெயரும் இல்லை. பாடியவர் என்று வேறு ஒருவர் பெயர் இருந்தது.

"அம்மா, உன் பாட்டைத் திருடிட்டாங்க" என்றாள் மகள்.

அம்மா சிரித்தார். "பாட்டை எப்படிம்மா திருட முடியும்? அது என் வாயிலேதானே இருக்கு?"

விளம்பரத்தைக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று இரவு கல்வி மையத்தில் இதே பேச்சுதான்.

"இன்டர்நெட்டில் போட்டாச்சு. இனிமேல் அது ஊர்ச் சொத்து" என்றார் ஒருவர்.

"பட்டா இருக்கா? பத்திரம் இருக்கா? எதை வச்சுக் கேட்பீங்க?" என்றார் இன்னொருவர்.

இந்த இரண்டு பேச்சும் தவறு. ஏன் தவறு என்று பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத சொத்து

நிலம் ஒரு சொத்து. வீடு ஒரு சொத்து. மாடு ஒரு சொத்து. இவை கண்ணுக்குத் தெரியும். கையால் தொடலாம்.

கண்ணுக்குத் தெரியாத சொத்தும் உண்டு. அது மூளையின் உழைப்பில் பிறக்கிறது. அதற்கு அறிவுசார் சொத்து என்று பெயர். புதிய கருவியைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை உண்டு. கடையின் பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக் குறி உரிமை உண்டு. பாட்டு, கதை, ஓவியம், புகைப்படம், வீடியோ ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது இன்டர்நெட் இல்லை. பிறகு சட்டம் பல முறை திருத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டு பெரிய திருத்தம் வந்தது. அச்சடித்த புத்தகத்துக்கு உள்ள உரிமை, செல்போனில் ஓடும் பாட்டுக்கும் உண்டு.

வாசலில் கோலம் போட்டால் தெருவில் போகிறவர் எல்லாரும் பார்க்கலாம். அதனால் வாசல் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமா? ஆகாது. இன்டர்நெட்டும் அப்படித்தான். எல்லாரும் பார்க்கலாம். ஆனால் எடுத்து விற்க முடியாது. யூடியூப் போன்ற தளங்களும் வீடியோவைக் காட்டுவதற்கான அனுமதியைத்தான் பெறுகின்றன. வீடியோ படைத்தவருக்கே சொந்தம்.

பட்டா தேவையா?

நிலத்துக்குப் பட்டா வேண்டும். பதிப்புரிமைக்கு அப்படி இல்லை. பாட்டை எழுதி வைத்ததும், அல்லது பதிவு செய்ததும், உரிமை தானாகவே பிறந்துவிடுகிறது. யாரிடமும் மனுப் போட வேண்டாம்.

இது இந்தியாவின் வழக்கம் மட்டும் அல்ல. 1886ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1928 முதல் அதில் இருக்கிறது. இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. இந்தியாவில் பிறந்த பாட்டுக்கு அந்த நாடுகளிலும் பாதுகாப்பு உண்டு.

விரும்பினால் பதிவும் செய்யலாம். பதிப்புரிமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. இன்டர்நெட் வழியாகவே விண்ணப்பம் போடலாம். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பாட்டுக்கோ கதைக்கோ ஓவியத்துக்கோ கட்டணம் ரூ. 500. விண்ணப்பித்த பிறகு 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று அலுவலகம் பார்க்கும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் அது நல்ல சான்று.

ஒரு பாட்டில் எத்தனை உரிமை?

அம்மாவின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஓர் உரிமை மட்டும் இல்லை.

பாட்டின் வரிகள் அம்மா கட்டியவை. வரிகளின் உரிமை அவருக்கு.

மெட்டும் அம்மா போட்டதுதான். மெட்டின் உரிமையும் அவருக்கு.

பாடியவரும் அவரே. பாடுகிறவருக்குத் தனி உரிமை உண்டு. நாடகம் நடிப்பவர், கரகம் ஆடுபவர், மேளம் வாசிப்பவர் எல்லாருக்கும் இந்த உரிமை உண்டு.

வீடியோவை எடுத்தவள் மகள். தானே முனைந்து, பொறுப்பேற்று எடுத்தாள். அதனால் வீடியோவின் உரிமை மகளுக்கு.

ஜவுளிக் கடை விளம்பரம் எடுத்தவர் இவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. எனவே அவர் ஒரு தவறு செய்யவில்லை. ஒரே நேரத்தில் பல தவறுகள் செய்திருக்கிறார்.

எத்தனை காலம்?

வரிகளின் உரிமையும் மெட்டின் உரிமையும் படைத்தவர் வாழும் காலம் முழுவதும் இருக்கும். அவர் இறந்த பிறகு மேலும் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். பாடியவரின் உரிமை, பாடிய ஆண்டுக்குப் பிறகு 50 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கும் வீடியோவுக்கும் வெளியிட்ட ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள்.

முன்பு 60 ஆண்டு என்பது 50 ஆண்டாக இருந்தது. கவி ரவீந்திரநாத் தாகூர் 1941இல் இறந்தார். 1991 முடிவில் அவர் படைப்புகளின் உரிமைக் காலம் முடிய இருந்தது. அந்த நேரத்தில்தான் சட்டம் திருத்தப்பட்டு 60 ஆண்டு ஆனது. 2001 முடியும் வரை தாகூரின் படைப்புகளுக்கு விசுவபாரதி பல்கலைக்கழகம் உரிமை கொண்டாடியது. அதன் பிறகு அவை எல்லாருக்கும் பொது ஆயின.

அரசே முன்வந்து பொதுவாக்கியதும் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு அவற்றை மக்களின் பொதுச் சொத்து ஆக்கியது.

எது தனிச் சொத்து ஆகாது?

எல்லாவற்றுக்கும் உரிமை கொண்டாட முடியாது. கருத்து யாருக்கும் தனிச் சொத்து இல்லை. கருத்தைச் சொல்லும் விதம்தான் சொத்து.

ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் ஒரு நாடகம் எழுதினார். பெயர் 'ஹம் ஹிந்துஸ்தானி'. வேறு வேறு மொழி பேசும் இரண்டு குடும்பங்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் காதலிக்கிறார்கள். அதனால் வரும் சிக்கல்தான் கதை. 1956இல் 'நியூ டெல்லி' என்று ஓர் இந்திப் படம் வந்தது. அதுவும் ஏறக்குறைய இதே கருத்தைப் பேசியது. ஆனந்த் வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கருத்து ஒன்றாக இருக்கலாம், ஆனால் கதையை நடத்திய விதம் வேறு, எனவே இது திருட்டு இல்லை என்பது தீர்ப்பு.

சமையல் வீடியோவும் இப்படித்தான். மீன் குழம்புக்குப் புளி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு என்ற கணக்கு யாருக்கும் சொந்தம் இல்லை. எவரும் மீன் குழம்பு வைத்து வீடியோ போடலாம். ஆனால் ஒருவர் எடுத்த வீடியோவை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போடக் கூடாது.

பாட்டி காலத்துத் தாலாட்டு யாருக்குச் சொந்தம்? யார் கட்டியது என்று தெரியாத பழைய தாலாட்டு எல்லாருக்கும் பொது. ஆனால் அதை ஒருவர் பாடிப் பதிவு செய்தால், அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. மற்றவர் அதே தாலாட்டைத் தன் குரலில் பாடிக்கொள்ளலாம். பதிவை எடுத்துக்கொள்ள முடியாது.

பீகார் மாநிலத்தில் மதுபனி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பெண்கள் வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டுவார்கள். 1960களில் கடும் வறட்சி வந்தது. அப்போது பிழைப்புக்காகக் காகிதத்தில் வரைந்து விற்கத் தொடங்கினார்கள். இன்று அந்த ஓவியங்கள் உலகம் முழுவதும் போகின்றன. அந்த ஓவிய முறை ஒருவருக்குச் சொந்தம் இல்லை. அது அந்த வட்டாரத்தின் சொத்து. 2007இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஒரு பெண் தன் கையால் புதிதாக வரைந்த ஓவியம் அந்தப் பெண்ணுக்கே சொந்தம். அதைச் செல்போனில் பார்த்து ஒருவர் அப்படியே அச்சடித்து விற்றால், அவர் கேள்வி கேட்கலாம்.

கூலிக்குச் செய்தால் யாருக்கு உரிமை?

ஒருவர் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். அந்த வேலையின் பகுதியாக ஒரு வீடியோ செய்கிறார். வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், உரிமை நிறுவனத்துக்கு.

கல்யாண வீட்டார் பணம் கொடுத்துப் புகைப்படம் எடுக்கச் சொல்கிறார்கள். வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், படத்தின் உரிமை கல்யாண வீட்டாருக்கு. படம் எடுத்தவர் அவர்களைக் கேட்காமல் அதை வேறு விளம்பரத்துக்கு விற்க முடியாது.

இரண்டு இடத்திலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'ஒப்பந்தம் இல்லை என்றால்.' வேலை தொடங்கும் முன்பே பேசி, எழுதிக்கொள்வது நல்லது.

மற்றவர் பாட்டை எடுக்கலாமா?

நியாயம் இரண்டு பக்கமும் பொருந்தும். மகள் இன்னொரு நாள் ஒரு வீடியோ போட்டாள். பின்னணிக்கு ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்தாள். யூடியூபிலிருந்து எச்சரிக்கை வந்தது. 90 நாட்களுக்குள் இப்படி மூன்று எச்சரிக்கை வந்தால் சேனலையே எடுத்துவிடலாம். பிறகு அதில் போட்ட எல்லா வீடியோவும் போய்விடும்.

"பாட்டுக்கு நன்றி என்று போட்டேனே" என்றாள் மகள். நன்றி சொல்வது நல்ல பழக்கம். ஆனால் நன்றி வேறு, அனுமதி வேறு.

"பத்து விநாடிக்குக் குறைவாக எடுத்தால் தப்பில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் இல்லை.

சில காரியங்களுக்குச் சட்டமே வழி விடுகிறது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம். ஒரு படத்தை விமர்சிக்கும்போது அதில் நியாயமான அளவு எடுத்துக் காட்டலாம். நாட்டு நடப்புச் செய்தி சொல்லப் பயன்படுத்தலாம். ஆசிரியர் பாடம் நடத்தப் பயன்படுத்தலாம். கண் தெரியாதவர் படிக்கும் வகையில் ஒரு புத்தகத்தை மாற்றித் தரலாம். கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போடலாம். ஆனால் அந்தக் கல்யாண வீடியோவைப் பாட்டோடு இன்டர்நெட்டில் போடுவது வேறு விஷயம். அதற்கு அனுமதி வேண்டும்.

பெயரும் மானமும்

படைத்தவருக்குப் பணம் மட்டும் முக்கியம் இல்லை. பெயரும் முக்கியம். 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு. அவர் மானம் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உண்டு. படைப்பை விற்ற பிறகும் இந்த உரிமை போகாது.

அமர்நாத் சேகல் ஒரு சிற்பி. டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். சிற்பியைக் கேட்காமல் அதைப் பெயர்த்து எடுத்தார்கள். அது சேதம் அடைந்தது. சிற்பி வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மீதமுள்ள சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ரூ. 5 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்றது. எதிரில் இருந்தது மத்திய அரசு. ஆனாலும் தனி மனிதர் வென்றார்.

இப்போது புதிய சிக்கல் ஒன்றும் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரே ஒருவர் குரலைப் போலப் பாடுகிறது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை இப்படிச் சிலர் போலியாகச் செய்தார்கள். 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது.

திருட்டு நடந்தால் என்ன செய்வது?

மகள் அடுத்த நாள் வேலையில் இறங்கினாள். அவள் செய்தவற்றை எவரும் செய்யலாம்.

முதலில் சான்று சேர்க்க வேண்டும். திருட்டு வீடியோ ஓடும்போது செல்போன் திரையைப் படம் பிடிக்க வேண்டும். அதன் முகவரியையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் எடுத்த வீடியோவைச் செல்போனிலிருந்து அழிக்கக் கூடாது. எடுத்த தேதி அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, தளத்துக்குப் புகார் எழுத வேண்டும். யூடியூப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகாருக்குப் படிவம் உண்டு. கட்டணம் இல்லை. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, எழுத்து மூலம் புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். புகாரில் நியாயம் இருந்தால் அந்த வீடியோவை 21 நாட்களுக்குத் தடுத்து வைக்க வேண்டும். அதற்குள் புகார் செய்தவர் நீதிமன்ற உத்தரவு வாங்கி வராவிட்டால், தளம் வீடியோவைத் திரும்பக் காட்டலாம். எனவே தேதியைக் கவனமாக எண்ண வேண்டும்.

மூன்றாவது, நீதிமன்றம். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். எதிராளி மும்பையில் இருந்தாலும் படைத்தவர் தம் சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. தடை கேட்கலாம். இழப்பீடும் கேட்கலாம்.

நான்காவது, போலீஸ். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதம் உண்டு. லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

பொய்ப் புகார் மட்டும் செய்யக் கூடாது. ஆதாரம் இல்லாமல் ஒருவரை மிரட்டினால், அவரும் திருப்பி வழக்குப் போடலாம்.

கையெழுத்துப் போடும் முன்

புகாருக்குப் பிறகு விளம்பரம் நின்றது. நான்காம் நாள் கடைக்காரர் சார்பில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"அம்மா, தெரியாம நடந்து போச்சு. இந்தாங்க ஐயாயிரம் ரூபாய். இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

ஐயாயிரம் ரூபாய் சின்னப் பணம் இல்லை. பல நாள் நடவுக் கூலி. முன்பு என்றால் அம்மா கைநாட்டு வைத்திருப்பார். இப்போது அவருக்குப் படிக்கத் தெரியும். தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். 'எல்லா உரிமைகளும்' என்று இருந்தது. 'என்றென்றைக்கும்' என்று இருந்தது. 'உலகம் முழுவதும்' என்று இருந்தது.

"என்றென்றைக்கும்னா, நானே இனி இந்தப் பாட்டை வீடியோவில் பாடக் கூடாதா?" என்று கேட்டார்.

வந்தவர் பதில் சொல்லவில்லை.

உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் இருக்க வேண்டும். எந்தப் பாட்டு? எந்த உரிமை? எத்தனை ஆண்டு? எந்த நாட்டில்? எவ்வளவு பணம்? இவை தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டு என்று எழுதவில்லை என்றால், 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடம் என்று எழுதவில்லை என்றால், இந்தியா மட்டும்தான்.

முன்பெல்லாம் பாட்டு எழுதுபவர்கள் ஒரு தொகை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பாட்டு பல ஆண்டு சம்பாதிக்கும். எழுதியவருக்கு ஒன்றும் வராது. 2012 திருத்தம் இதை மாற்றியது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து இதற்காக வாதாடினார். இப்போது ஒலிப்பதிவில் வரும் பாட்டுக்கு, வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாலும் அது செல்லாது.

அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு வருஷத்துக்கு மட்டும் எழுதிக் கொண்டாங்க. உங்க கடை விளம்பரத்துக்கு மட்டும். என் பேரு கண்ணுக்குத் தெரியற மாதிரி வரணும். பணத்தை அப்புறம் பேசலாம்" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் புதிய தாள் வந்தது. மகளும் படித்தாள். கல்வி மைய ஆசிரியையும் படித்தார். பிறகுதான் அம்மா பேனாவை எடுத்தார். தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். அதே பெயர் அடுத்த மாதம் விளம்பரத்திலும் வந்தது.

படித்தவர்கள் கூடிப் பேச

1. உங்கள் ஊரில் பாட்டுக் கட்டுபவர், ஓவியம் வரைபவர், வீடியோ போடுபவர் யார் யார்? அவர்களுடைய எந்தெந்தப் படைப்புக்கு உரிமை உண்டு?

2. நன்றி சொல்வதற்கும் அனுமதி வாங்குவதற்கும் என்ன வேறுபாடு?

3. ஒப்பந்தத்தில் 'என்றென்றைக்கும்' என்ற சொல் இருந்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள்?

4. உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே இருக்கிறது? விசாரித்து நோட்டில் எழுதி வையுங்கள்.